முப்பத்திரண்டு டிகிரி

கிம் மோ ஈரச்சந்தை, காலை ஆறே முக்கால்.
"ஆறு காது" என்றதும்
சூப்புக்கா என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை கோ அங்கிள்.
கொதிநீர் படாததாகப் பொறுக்கி வைத்திருப்பார்.
வெந்த தோல் எதையும் தடுக்காது;
தடுக்காத தோலில் எனக்கு வேலையில்லை.

ஆய்வுக்கூடத்தில் மயிர் மழித்து, கொழுப்புச் சீவி,
கண்ணாடிக் குவளைகளின் வாயில்
பன்றிக்காதை முரசுபோல் இழுத்துக் கட்டுவேன்.
கீழே உப்புநீர் சுழலும்.
தோலுக்கு முப்பத்திரண்டு டிகிரி:
நீ இன்னும் ஓர் உடம்பின் மேல்தான் இருக்கிறாய் என்று
நான் சொல்லும் பொய்.

மேலே களிம்பு. களிம்புக்குள் செங்காந்தள்.
பெண்விரல் என்று புலவர்கள் சொன்ன பூவை நான் பார்த்ததில்லை.
விதையிலிருந்து இறக்கிய
வெளிர்மஞ்சள் தூளோடுதான் பழக்கம்.
கடுகளவு கூடினாலும் ஆளைச் சாய்க்கும்.
அளவோடு நின்றால், நள்ளிரவில்
கால் கட்டைவிரல் மூட்டில் தீ வைக்கும் கௌட் அடங்கும்.
விழுங்கினால் குடல் மன்னிப்பதில்லை.
அதனால் இந்தச் சுற்றுவழி.

தோல் லேசில் விடாது.
செத்த செல்களை அடுக்கி இடையில் கொழுப்பைப் பூசிய சுவர்.
கொழுப்பைக் கொழுப்பால்தான் ஏமாற்ற வேண்டும்.
சோயா லெசித்தினைக் குடுவையில் படலமாக உலர்த்தி
நீர் வார்த்துச் சுழற்றினால்,
தலை தண்ணீர்ப் பக்கம், வால் வாலோடு என்று
யாரும் சொல்லாமலே வளைந்து மூடிக்கொள்ளும்.
நடுவில் கொஞ்சம் நீர். அந்த நீரில் நஞ்சு.
மோர் நிறத்தில் கலங்கி நிற்கும் குடுவை முழுக்கக்
கண்ணுக்கு அகப்படாத முட்டைகள்.

சுஹைலா காதுகளைத் தொடமாட்டாள். நான் கேட்டதுமில்லை.
அடுத்த அறையில் திரையைக் காப்பாள்.
மணிக்கொரு முறை கீழ்நீரில் ஒரு சொட்டு எடுத்து
நடுச்சுவரின் சிறு கதவில் வைப்பேன்.
முதல் மணி தட்டை.
இரண்டு தட்டை.
மூன்றில் அவள் தொழப் போய் வந்தாள்.
நான்காம் மணிக்குக் கண்ணாடியைத் தட்டினாள்:
கோட்டில் ஒரு கொப்புளம்.

மூன்றாம் மாதம் மருத்துவமனையிலிருந்து மனிதத்தோல் வந்தது.
பனிப்பெட்டி, சம்மதக் கடிதத்தின் நகல், எண் 0417.
யாரோ ஒருத்தியின் வயிறு,
குறைக்கச் சொல்லி வெட்டியதன் மிச்சம்.
குறுக்கே வெள்ளிக் கோடுகள், பிள்ளை கிடந்த இடம்.
கோடில்லாத பகுதியில் வெட்டு என்றது செய்முறைத் தாள்.
வெட்டினேன்.
அன்று சுஹைலா இந்தப் பக்கம் வந்து நின்றாள்.
மீதியைப் போட்ட பையின் வாயைக் கட்டியது அவள்தான்.

இதற்கிடையில் என் விரல்.
விடிய நான்கரைக்கு ஜோகூரில் கிளம்பி
உட்லண்ட்ஸ் சாவடியில் கட்டைவிரலை வைக்கிறேன்;
இயந்திரம் மறுக்கிறது. மறுபடி. மறுபடி.
எத்தனால் துடைத்துத் துடைத்து ரேகை வறண்டுவிட்டது.
பின்னால் வரிசை உச்சுக்கொட்டுகிறது.
என்ன வேலை, என்கிறார் அதிகாரி.
"தோல்" என்றேன்.
டாக்டரா?
இல்லை. மற்றபடி என்னவென்று
அந்த நேரத்தில் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு (விதிமீறல்தான்)
மருந்து ஏற்றாத ஒப்பீட்டுக் களிம்பை,
நஞ்சில்லாத முட்டைகளை, அவற்றின் வெறும் நீரை,
பட்டாணி அளவு வழித்துக்
கட்டைவிரலில் தேய்த்தேன். சில்லென்றிருந்தது.
எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும்.
எந்த அடுக்கில் தயங்கும் என்பதும்.
மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

ஒன்பதாம் நாள் பச்சை விளக்கு.
குறிப்பேட்டில் இதற்குப் பத்தி கிடையாது.
படியில் இறங்கி ஓடுகிறேன்.
170 கிளம்புகிறது,
ஏழுக்குள் காது தீர்ந்துவிடும்.