எட்டு அங்குல மீதி

முதலில் வெறும் ஸ்ட்ரிப்தான் ஒட்டினோம்,
உத்தரத்தில், அதன் சொந்தப் பசையில்.
மூன்று வாரம் தாங்கியது.
பழைய வண்ணாரப்பேட்டை மாடி
பகலெல்லாம் குடித்த சித்திரை வெயிலை
ராத்திரி திருப்பிக் கொடுக்கும்போது
பசை இளகி
எரிந்துகொண்டே இறங்கி வந்தது ஒரு முனை
யாரோ ஒரு மணப்பெண்ணின் முதுகின் மேல்.
ரவிக்கையின் முதுகு. மயில் பாதி முடிந்திருந்தது.

விழுந்ததுகூடப் பரவாயில்லை.
விழாமல் இருந்தபோது
ஒவ்வொரு சமிக்கியிலும் ஒரு புள்ளி.
எது சமிக்கி, எது பல்பு?
கண்ணை மூடினாலும் இமைக்குள்
வரிசை வரிசையாய் எரியும்.

பாரிமுனைச் சந்தில் முர்தசா கடை.
கரும்புக் கட்டாய்ச் சாய்த்ததிலிருந்து
ஒவ்வொன்றாய் உருவினார்:
தட்டை, மூலைக்கு முக்கோணம்,
சுவரில் புதைக்கக் காது வைத்தது.
கண்ணாடி மூடி, பால் மூடி.
பையிலிருந்து துணித்துண்டை எடுத்து மேசையில் விரித்தேன்,
சமிக்கி, ஜர்தோசி, ஒரு கோடு மணி.
"இதுக்கு மேல எரிச்சுக் காட்டுங்க."

தட்டைக்குப் பால் மூடி போட்டும் புள்ளி தெரிந்தது
தண்ணிப் பாலுக்குள் விரல் மாதிரி.
ஆழமானதில் ஒன்றில் ஒன்று கரைந்து
ஒரே கோடு.
"வெளிச்சம் பரவ எடம் வேணும்மா, அவ்ளோதான்."
பத்துக்குப் பன்னிரண்டில் நாலு பேர் இருக்கிறோம்.
எனக்கா சொல்கிறார்.

மஞ்சள் வேண்டாம் என்றேன்.
மஞ்சளில் வெள்ளை நூல் சந்தனமாகிவிடும்.
போன தையில் ஒரு கை முழுக்கப் பிரித்தது அப்படித்தான்.
முலாம் ஏறாத அலுமினியமும் வேண்டாம்.
எங்கள் ஜன்னல் கம்பியைக் கடல்காற்று
என்ன செய்தது என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு வந்தான்.
ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றபோது
உத்தரம் கிழக்கே அரை அங்குலம் இறங்கியிருந்தது.
பதினெட்டு வருஷம் அதன் கீழேதான் படுத்திருக்கிறேன்.

"இன்னாக்கா, மட்டத்துக்குப் போடட்டா, உத்தரத்துக்கா?
மட்டத்துக்குப் போட்டா உத்தரம் கோணலாத் தெரியும்.
உத்தரத்துக்குப் போட்டா லைட்டு கோணலாத் தெரியும்.
அப்பால என்னைக் கேக்காத."

"சட்டத்துக்குப் போடு" என்றேன்.
கீழே, நான் உட்காரும் இடத்தில்,
துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டம்.
அதுவும் நேரில்லை.
கூலி அதிலிருந்துதான் வருகிறது.

ஐந்தடி பத்தில் குறி போட்டு
ஹாக்ஸாவால் அறுத்தான்.
வெள்ளைப் பொடி மணி டப்பாவுக்குள்.
(இரண்டு நாள் ஊதி ஊதிப் பொறுக்கினேன்.
"மூடி வெக்கக் கூடாதா" என்றான் அவன்.)
ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்குறியில் வெட்டி
பள்ளத்துக்குள் படுக்க வைத்து
பற்றவைத்த ஒயரை ஓரமாய் ஒதுக்கினான்.
இந்த முறை பசையை நம்பவில்லை:
நாலு கிளிப், எட்டுத் திருகு,
ஒவ்வொன்றிலும் ஒரு டக்.
முனைமூடி இரண்டு வந்ததில்
ஒன்று எங்கோ உருண்டுபோய்
இன்னும் கிடைக்கவில்லை.

மணி பதினொன்று.
சேனலைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் விட்ட நெற்றிச் சூடு.
சமிக்கியில் புள்ளி இல்லை.
மயிலின் கழுத்தில் பச்சை பச்சையாக, நீலம் நீலமாக.
ஊசியை இறக்கினேன்,
குத்தியது என் கீழ்விரலை.

அப்போதுதான் பார்த்தேன், ஊசிக்கு நிழலில்லை.
பழைய குண்டு பல்பின் கீழே
நிழல் வந்து முனையைத் தொடும் கணத்தை வைத்தே
பதினோரு வருஷம் ஆழம் பார்த்திருக்கிறேன்,
எனக்கே தெரியாமல்.
முதல் வாரம் ஆறு குத்து.
இப்போது விரலே கண்டுபிடித்துக்கொண்டது,
துணி விம்முகிற இடத்தை.

அறுத்ததில் மீந்த எட்டு அங்குலத்தை
டில்லி தூக்கிப் போடப் பார்த்தான். வாங்கி வைத்தேன்.
ஊசிகள் அதில் கிடக்கின்றன.
ஒரு பக்கம் மெழுகுதான் அடைப்பு,
மறு பக்கம் என் கட்டைவிரல்.
திறந்திருக்கும் அந்த இன்னொரு முனையில்,
மேலே, பாலுக்குள்,
ஒரு சின்னப் பூச்சியின் நிழல் நடக்கிறது.
அறையில் இருக்கும் ஒரே நிழல்.