பத்தாயிரம் அடிக்குக் கீழே

பிஸ்மார்க்கில் அதிகாலை ஐந்தே கால்.
பனி கரைக்கும் வண்டி எங்கள் இறக்கைமேல்
ஆரஞ்சுக் குழம்பைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.
இருவர் கைப்பேசியும் ஒரே சமயத்தில் முனகின.

நாற்பத்து நான்கு புது விமானங்கள்.
எழுபத்தாறு இருக்கை.
நம் கம்பெனிக்கு.

ஆரின் வெல்ட்காம்ப் கையுறையைக் கழற்றாமலே
விரல்விட்டு எண்ணினார்.
விமானத்துக்குப் பத்து விமானிகள்,
அதில் பாதி கேப்டன்கள்.
"இருநூற்று இருபது இடம், லெய்ஃப்.
உன் நம்பர் என்ன?"

அறுநூற்றுப் பதினொன்று.
நேற்றுவரை அது ஒரு தண்டனைக் காலம்,
ஐந்து வருஷம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன்.
இன்றைக்கு அது
அடுத்த இலையுதிர்காலம்.

மாசக் கடைசியில் பிளாஸ்மா கொடுத்து
நாற்பது டாலர் வாங்கிய கை இது.
ஆறு பேர் முறைபோட்டுத் தூங்கும் வாடகை அறையில்
எவனோ விட்டுப்போன சூட்டில்
படுத்துப் பழகிய முதுகு.
சிரித்தேன். சத்தமாகவே.
மனைவிக்கு ஒரு வரி அனுப்பினேன்.

அப்போதுதான் அவள் காக்பிட் வாசலில் வந்து நின்றாள்.
பெரிய கம்பெனிச் சீருடை, தோளில் நான்கு பட்டை,
ஷூவில் உப்புக்கறை.
மினியாபொலிஸ் வரைக்கும் மடக்கு இருக்கை கிடைக்குமா என்று
ஆரினிடம் அனுமதி கேட்டாள்.
கேட்பது சம்பிரதாயம்,
மறுக்காமலிருப்பதும்.
ஜோரீன் பாஷ்கே என்றாள்.
எங்கள் இருவருக்கும் நடுவே, முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள்.
அவள் கைப்பேசியிலும் செய்தி வந்திருக்கும்,
வேறொரு வாசகத்தில்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே
பறப்பதைத் தவிர வேறெதையும் பேசக் கூடாது.
அந்த விதியை எழுதியவனுக்கு
அன்று நான் மனதுக்குள் வணக்கம் வைத்தேன்.

ஒன்பதாயிரத்து எண்ணூறு.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
இன்னும் மெல்ல ஏறியிருக்கலாம்.

"ஐம்பத்தொரு சதவீதம்" என்றாள், யாரும் கேட்காமலே.
"அதில் நான் ஒருத்தி.
இல்லையென்றால் திவால் கோர்ட்டே எழுதிக் கொடுத்திருக்கும்."

கால்பங்கு சம்பளம் போயிற்று.
ஓய்வூதியம் உறைந்து போயிற்று.
கடைசியாக அந்த ஒரு வரி:
ஐம்பது இருக்கைக்கு மேல்
சின்னக் கம்பெனி ஓட்டக் கூடாது என்ற வரி.
"அதற்காக இரண்டு குளிர்காலம்
அட்டை பிடித்து நின்றிருக்கிறேன்" என்றாள்.
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஆரினுக்கு ஐம்பத்தேழு வயது.
பெரிய கம்பெனிக்கு மூன்றுமுறை விண்ணப்பித்து
மூன்றுமுறையும் திரும்பியவர்.
"வாலில் உங்கள் வண்ணம்தானே அடிக்கப் போகிறார்கள்" என்றார்.
ஆறுதலா, குத்தலா, அவருக்கே தெரிந்திருக்காது.

"வண்ணத்துக்கென்ன" என்றாள்.
"எனக்குக் கீழே முந்நூறு பேருக்குச் சீட்டுக் கிழியும்.
உங்களிடம் வேலை கேட்டு வருவார்கள்.
வலப்பக்கம்தான் கிடைக்கும்."

கண்ணாடிக்கு வெளியே சூரியன்
மேகத்தை ஓரமாக உரித்துக்கொண்டிருந்தது.
நான் இடப்பக்கம் நகரும் நாளில்
என் சூடு ஆறாத இருக்கையில்
என்னைவிட இருமடங்கு பறந்த ஒருவர் வந்து உட்காருவார்.
நான் ஏறக் காத்திருக்கும் வாசல் வழியாக
இறங்கி வந்தவராக இருப்பார்.
அவரிடம் நான் சொல்ல வேண்டும்:
சக்கரத்தை மேலே எடுங்கள்.

நாங்கள் எதையும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது உண்மைதான்.
உண்மையாக இருந்தும்
அதைச் சொல்ல முடியவில்லை.

மினியாபொலிஸ் இறக்கத்தில்
மறுபடியும் பத்தாயிரம் வந்து காப்பாற்றியது.

நின்றதும் எழுந்தாள்.
மடக்கு இருக்கையைச் சுவரோடு சேர்த்தாள்,
பட்டிகளைக் குறுக்காகப் போட்டாள்,
யாருமே உட்காராதது போல.
"வாழ்த்துகள்" என்றாள் என்னிடம்.
நிஜமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

வாசலில் ஒரு பயணி என் கையைக் குலுக்கி
அவளுடைய கம்பெனிக்கு நன்றி சொல்லிப் போனார்.

கைப்பேசியில் மனைவியின் பதில் காத்திருந்தது.
'கேக் வாங்கட்டுமா?'

'வாங்கு' என்று அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
'சின்னதாக.'