பழைய எண் 31

புரோகிராம் அச்சிடுகிறது: நாற்பத்தேழு.
டீபக்கர் காட்டுகிறது: மூன்று.
ஒரே வேரியபிள், ஒரே பெயர்,
பிரேக்பாயின்ட்டில் மூச்சைப் பிடித்து நிற்கும்
அதே நொடி.

தரமணி, ஐந்தாம் மாடி.
பத்தரைக்கே ஏசியை நிறுத்திவிட்டார்கள்.
கிளெமன்ட் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தான்.
"மெமரி கரப்ட் ஆகியிருக்கும்."
எது நடந்தாலும் அவனுக்கு அதுதான்.
ஒருமுறை கேன்டீன் சாம்பாருக்கும் அதையே சொன்னான்.

லைப்ரரிக்குத் தன் விலாசம் தெரியாது.
தன் வாசலிலிருந்து எது எவ்வளவு தூரம்
என்பது மட்டும் தெரியும்.
ஒவ்வொரு ஓட்டத்திலும் லோடர் அதை
வெவ்வேறு இடத்தில் இறக்கிவிட்டு
ஏட்டில் குறித்துக்கொள்கிறது.
டீபக்கர் அந்த ஏட்டைப் புரட்டும்,
இறக்கிய இடத்தோடு தூரத்தைக் கூட்டும்.
வெறும் கூட்டல், பதினாறின் கணக்கில்.
பழைய பில்லின் பின்பக்கத்தில் நானும் கூட்டினேன்.
கணக்கு சரி.
வீடும் சரி.
உள்ளே மூன்று உட்கார்ந்திருந்தது,
எதுவுமே நடக்காதது போல.

அப்போதுதான் போன்.
"அக்கா, சூளைமேட்டுல நிக்கிறேன். முப்பத்தொண்ணு பூட்டியிருக்கு."
காய்ச்சலில் படுத்திருக்கும் பெனாசிருக்கு
நான் அனுப்பிய இட்லி.
"அது புது முப்பத்தொண்ணு தம்பி.
நாங்க பழைய முப்பத்தொண்ணு. புது ஒன்பது.
பால் பூத் தாண்டி, பச்சை கேட்."
"ரெண்டு நம்பர்ல ஒண்ண அழிக்கக் கூடாதாக்கா?"
இட்லி ஆறிக்கொண்டிருந்தது.
நான் பதில் சொல்லாமல்
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு நம்பர்.

மெயின் புரோகிராம் அவசரக்காரன்.
லைப்ரரி எங்கே இறங்கும் என்று காத்திருக்க மாட்டான்.
கட்டிய அன்றே தன் வீட்டுக்குள்
நான்கு பைட் ஒதுக்கி,
வேரியபிள் இங்கேதான் என்று எழுதிவைத்துவிட்டான்.
லோடர் என்ன செய்யும்?
ஓட்டம் தொடங்குமுன்
லைப்ரரியின் மூன்றை அப்படியே நகலெடுத்து
அங்கே வைத்தது.
இனி எல்லோரும் இந்த வாசலுக்கே வரவேண்டும் என்று
லைப்ரரிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டது.
அதன்பின் ஏறியதும் இறங்கியதும் எல்லாம் அங்கே.
பழைய இடத்தை யாரும் இடிக்கவில்லை.
பெயர்ப்பலகையையும் கழற்றவில்லை.
டீபக்கர் பலகையைப் படித்துக் கதவைத் தட்டியது,
பிறந்த அன்றைய மூன்று
வந்து திறந்தது.

லைப்ரரியை விட்டுவிட்டு
மெயின் புரோகிராமின் பட்டியலில்
அதே பெயரைத் தேடினேன். அங்கேயும் இருந்தது,
வேறொரு முகவரியோடு.
நாற்பத்தேழு.

"அப்ப கரப்ட் இல்லியா?" என்றான் கிளெமன்ட்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஒரு மணிக்கு வண்டியைத் தெருவுக்குள் திருப்பினேன்.
பால் பூத்தில் நாய்.
ஏனோ ஒன்பதைத் தாண்டிப் போனேன்.
இரண்டு வருடமாக இதே தெரு,
புது முப்பத்தொன்றின் முன்னால்
ஒருநாளும் நின்றதில்லை.
பூட்டிய கிரில்லில் செருகியபடி
மழையில் நனைந்து காய்ந்து விறைத்த காகிதங்கள்.
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
ஒரு கேஸ் பில், ஒரு பல் மருத்துவமனை நோட்டீஸ்,
பேங்க் ஸ்டேட்மென்ட் ஒன்று.
நான் இங்கே குடிவந்த மாதத்துத் தேதி.
விலாசத்துக்கு மேல், கமா போட்டு,
என் பெயரும் அருளப்பன் பெயரும்.

தபால்காரர் மேல் தப்பில்லை.
எழுதியிருந்த எண்ணுக்குத்தான் வந்திருக்கிறார்.

அந்த வீட்டில் நாங்கள் இன்னும்
இருவர்.