பவுண்டு ரசீது

ஏரிக்கரைப் பூங்காவில் வாய் வைத்த குற்றத்துக்காக
என் கிரேசியைப் பிடித்துப் போய்
பவுண்டில் அடைத்துவிட்டார்கள்.
இரண்டு நாள். நாளுக்கு இருநூறு.
தீவனச் செலவு தனி.

அன்று ஏற்காட்டில் பத்தடிக்கு அப்பால் மலையில்லை.
சில்வர் ஓக் மரங்கள்
இடுப்புக்கு மேல் காணாமல் போயிருந்தன.
நாகலூரிலிருந்து நடந்தே வந்தேன்,
ஒரு கையில் கயிறு, ஒரு கையில் ஆதார் நகல்.

"பேருங்க?"
நோலீன் பிண்டர்.
"நோலீன்... பிண்டம்?"
பிண்டர்ங்க. கடைசியில் ர்.
"அப்பா பேருங்களா, ஊட்டுக்காரர் பேருங்களா?"

ரெண்டும் இல்லை என்றால் இவளுக்குப் புரியாது.
ரேஷன் அட்டையில் நான் பிண்டார்.
வாக்காளர் பட்டியலில் விண்டர்.
பள்ளிக்கூடத்தில் பிண்டமேதான்.
மதியம் டப்பாவைத் திறந்தால்
காக்கா வந்துச்சா என்பார்கள்.

பிரபு வம்சம் என்பார் அப்பா.
சேலம் ஜங்ஷனில் சரக்குக் குமாஸ்தா.
மாதக் கடைசியில் மட்டும் அதிகமாய்ச் சொல்வார்.

கான்வென்ட் நூலகத்தில்
புத்தகங்களுக்கு அட்டை போடுவது என் வேலை.
ஓர் ஐப்பசியில்
தடி அகராதி ஒன்றின் பக்கங்கள்
பூஞ்சை பிடித்து ஒட்டிக் கிடந்தன.
கத்தி முனையால் பிரித்தேன்.
உள்ளே நின்றுகொண்டிருந்தான்
எங்கள் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன்.

வாள் இல்லை. குதிரை இல்லை.
இங்கிலாந்தின் வடக்கே ஏதோ சேற்றூரில்
பயிரில் இறங்கிய மாடுகளை ஓட்டி வந்து
கல்பட்டியில் அடைத்து
காசு வாங்கிக்கொண்டு அவிழ்த்துவிடுகிறவன்.
அவனாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை,
மாட்டைத் தொலைத்தவர்கள்
வயிற்றெரிச்சலில் கூப்பிட்டது.
பவுண்டும் பிண்டரும்
ஒரே கட்டுத்தறிச் சொற்களாம்.
அப்பாவின் வம்சம்
அன்று மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

அப்புறம் யோசித்தேன்.
காப்பி நட வந்த பிண்டர் துரைக்கு
தன் பெயரின் பொருள் தெரிந்திருக்காது.
பெயருக்குத் தெரிந்திருந்தது.
மலையாளிக் குடிகளின் மாடுகள்
காலங்காலமாய் மேய்ந்த சரிவை வளைத்துக்
கம்பி கட்டியது.
தாண்டி வந்தவற்றைப் பிடித்து அடைத்தது.
தலைக்கு நாலணா.
கப்பலேறி வந்தும் கைத்தொழிலை விடவில்லை.

மாட்டை மீட்க வந்தவள் சடைச்சி.
நாலணா இல்லை அவளிடம்.
அதற்குப் பின் நடந்ததை
எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.
பேசுகிறது ஞானஸ்நானப் புத்தகத்தின் ஒரு வரி:
தாய், சடைச்சி.
தகப்பன், ஒரு கோடு.
குழந்தை, தாமஸ் பிண்டர்.

கோட்டுக்குக் கீழே அந்தப் பெயர் எப்படி வந்தது?
பாதிரியார் இரக்கப்பட்டிருக்கலாம்.
துரையே தலையசைத்திருக்கலாம்.
நான் நம்புவது வேறு.
என் மாட்டை நீ கட்டினாய் அல்லவா என்று
அவள் ராத்திரியோடு ராத்திரியாய்
அவர் பெயரை அவிழ்த்து ஓட்டி வந்து
தன் கொட்டிலில் கட்டிவிட்டாள்.
மீட்க இதுவரை
யாரும் வரவில்லை.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள் அந்தப் பெண்.
பார்த்தேன்.
உரிமையாளர் என்ற இடத்தில் நோலீன்.
இடம் போதாமல் மிச்சப் பெயர்
அடுத்த வரிக்கு இறங்கியிருந்தது.
பவுண்டுக் காப்பாளர்: பிண்டர்.
"ஐயோ, மாத்திக் குடுக்கட்டுங்களா?"
வேண்டாம்மா, சரியாத்தான் இருக்கு என்றேன்.
எதற்குச் சிரிக்கிறேன் என்று
அவள் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது.

கிரேசி கோபமாக இருந்தாள்.
கயிற்றை இழுத்தால் நின்றாள், விட்டால் நடந்தாள்.
திரும்பும் வழியில் பழைய பிண்டர் தோட்டம்.
இப்போது ரிசார்ட்.
வேலிக்கு உள்ளே
விருந்தாளிகளுக்காக வளர்த்த பச்சைப் புல்.
கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டாள்.

மேகம் நல்ல கனமாக இருந்தது.
நான் சாலைப் பக்கம் திரும்பி நின்று
காவல் பார்த்தேன்,
யாராவது வருகிறார்களா என்று.