நாற்பது வாட்ஸ்

உதகையில் இரண்டு நாள் பயிற்சி.
மஞ்சூரிலிருந்து ஆறரை மணி பஸ்.
பாலாடாவில் கேரட் கழுவிய தண்ணீர்
ரோட்டைக் குறுக்கே கடந்து போகிறது.
மடியில் டிபன் டப்பா,
அதன்மேல் பணிவிடுவிப்புக் கடிதம்.
என் பெயருக்குக் கீழே தலைமையாசிரியர்
'நூலகர்' என்று எழுதி, யோசித்து,
வேறு மையில் சேர்த்திருந்தார்:
'மற்றும் மாற்று ஆசிரியர்'.
பொய்யில்லை.
கணக்கு சாருக்குக் காய்ச்சல் என்றால்
ஒன்பதாம் வகுப்பின் கூச்சல் என் பொறுப்பு.

பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர்.
திரையில் படம் படமாய்த் தள்ளினார்:
வண்ண மெத்தைகள், சக்கரம் வைத்த அலமாரிகள்,
தரையில் படுத்துப் படிக்கும் பிள்ளைகள்.
(எங்கள் தரையில் ஜூலையில் படுத்தால்
சளி நெஞ்சில் கட்டும்.)
"உங்கள் நூலகத்தில் என்ன தொழில்நுட்பம்?"
ஒருவர் பார்கோடு என்றார். ஒருவர் டேப்லெட்.
என் முறைக்கு வாயில் வந்தது:
"நாற்பது வாட்ஸ் பல்பு, சார்."
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சிரிக்காமல் இருந்தால் அது புகாராகிவிடும்.

பீரோவின் கீழ்த்தட்டில்,
துளையிட்ட தகர டப்பாவுக்குள் ஒரு குண்டு பல்பு,
ஜூன் முதல் டிசம்பர் வரை இரவும் பகலும்.
அது அணைந்துகிடந்த வருஷம்
அகராதியில் 'க' முதல் 'ச' வரை
பூஞ்சை பிடித்து ஒரே சொல்லாகிப்போனது.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு தாள் கொடுத்தார்.
வரும் வாரம் உங்கள் பள்ளியில்
எந்த வகுப்பில் என்ன பாடம்?
அதற்கு நீங்கள் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்?
பதினான்கு வருஷம். என்னை யாரும் கேட்டதில்லை.
நானும் யாரையும் கேட்டதில்லை.
வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதற்கும் சான்றிதழ் உண்டு.

திங்கட்கிழமை ஹில்டா டீச்சரைக் கேட்டேன்.
"எட்டாங்கிளாஸ், மின்சாரம். போர்ஷன் முடியல.
நீங்க வேற கதைப்புத்தகம்னு வராதீங்க."
"கதை இல்ல டீச்சர், ஒரு பெட்டி."

பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி.
படம் போட்ட இரண்டு மெல்லிய புத்தகங்கள்,
என் வீட்டு மின்கட்டண அட்டை,
குந்தா நீலக்கோடாய் ஓடும் பழைய வரைபடம்.
ஓரத்தை இராமபாணம் தின்றிருந்தது,
நல்லவேளை, அணைகளைத் தொடவில்லை.
இன்னும் இடம் இருந்தது.
பீரோவைத் திறந்து பல்பைக் கழற்றினேன்.
சூடு விரலோடு வந்தது.

கிருபாஷினி வரைபடத்தில் விரல் வைத்து
தண்ணீரோடு இறங்கினாள்:
அவலாஞ்சி, எமரால்டு, குந்தா, கெத்தை.
"இங்கதான் அப்பா. கான்ட்ராக்ட்ல."
விரலை எடுக்கவில்லை.
"இங்கேருந்து கரண்ட் எங்க போகுது மிஸ்?"
"கோயம்புத்தூர். அதுக்கும் அந்தப் பக்கம்."
"அப்ப எங்க லயன்ல மட்டும்
ஏழு மணியானா ஏன் நின்னுபோகுது?"
டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் பெட்டியைப் பார்த்தேன்.
இரண்டு புத்தகத்திலும் இல்லை.

அன்று பதிவேட்டைத் தலைகீழாய்த் திருப்பி
கடைசிப் பக்கத்தில் புதுத் தலைப்பிட்டேன்:
நம்மிடம் இல்லாத புத்தகங்கள்.
எண் 1. கேட்டவர்: கிருபாஷினி, 8 ஆ.

பெட்டி திரும்பி வந்தது.
பல்பும் வந்தது, இழை அறுந்து.
முப்பத்தாறு கைகள் ஆட்டிப் பார்த்திருக்கும்.
பஜாரில் கடைக்காரர் எல்இடியை நீட்டினார்.
"சூடாகிற பல்பு வேணும்."
"சூடாகாததுதானேம்மா இதோட விசேஷம்?"
ஏணி போட்டுப் பரணில் துழாவி
தூசியோடு இரண்டு இறக்கினார்.
பதினைந்து நாள் தாங்கினால் அதிர்ஷ்டம் என்றார்.

பீரோ மறுபடி மஞ்சளாய் மூடிக்கொண்டது.
கதவிடுக்கில் விழுந்த வெளிச்சத்தில்
பதிவேட்டைத் திறந்தேன்.
எண் 2. குண்டு பல்பு ஏன் சுடுகிறது,
எல்இடி ஏன் சுடுவதில்லை.
கேட்டவர்: நூலகர்.