ஆதரவு இல்லை

கௌரிபாலன் அத்தான் ஸ்காபரோவிலிருந்து
துவாயில் சுற்றி, சொக்கிலேற் பெட்டிகளுக்கு நடுவில்
அனுப்பின கிராபிக்ஸ் காட்.
கந்தோரில் கழித்துவிட்டதாம்.
"இது தொழில்முறைச் சாமான்,
உன்ர விளையாட்டுக் காட் மாதிரி இல்லை"
என்று வொய்ஸ் மெசேஜ் வேறு.
விளையாட்டுக் காட் போன மாசத்து இடியோடு எரிந்துபோனது.

கல்வியங்காட்டுச் சந்தியில் என் ஸ்ரூடியோ.
மேசையில் ஒரு கலியாணம்:
மணவறை, ஆலாத்தி,
ட்ரோன் காட்டிய மண்டபக் கூரை, அதில் காயப்போட்ட சாறம்.
மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை சூரிச் போகிறார்.
"அதுக்கு முதல் தாங்கோ அக்கா."

செருகினேன்.
விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம்.
பிறகு ஒரு சின்னப் பெட்டி மரியாதையாய்ச் சொன்னது:
இந்த அட்டைக்கு ஆதரவு இல்லை.

பழைய ட்ரைவர் போட்டால் காட் எழும்பும்,
எடிற்றிங் சொவ்ற்வெயார் படுக்கும்.
சொவ்ற்வெயாரின் பழைய பதிப்பைப் போட்டால்
கொழும்பில் நிறம் திருத்தின பைல் திறக்காது.
இரண்டையும் ஒருமாதிரிச் சமாளித்தால்
வரைபலகையின் பேனா
நான் தொட்ட இடத்துக்கு நாலு விரல் தள்ளிக் கீறும்.
மணமகளின் நெற்றியைத் தேடிப் போய்
தோழியின் காதை வெளுப்பாக்கினேன்.

பொம்பிளைக்கு எட்டுப் பொருத்தமாம்.
படம் தெரிய வந்த தாய் சொன்னவ.
எனக்குத் துளை பொருந்தியது, வயர் பொருந்தியது,
வோல்ற்றேஜும் பொருந்தியது.
மிச்சத்தை எந்தச் சாத்திரியிடம் கேட்கிறது?

இரவு காட்டைக் கழற்றிவிட்டேன்.
வெறும் புரொசசரை நம்பி
நாலு நிமிசத்துக்குப் பதினொரு மணித்தியாலம்.
இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்த
தாலி கட்டும் கையில் அறுபத்திரண்டு வீதம்.
வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
பிடித்தால் ஏதோ கூடுதலாய்ப் பாயும் என்பதுபோல.

மூன்றரைக்கு வந்தது.
முதலிலிருந்து.

காட் இப்ப முன்கடை மரியநேசனிடம்,
வீட்டுப் படம் கீறுகிறவர்.
அவருடைய புரோகிராம் கண்டவுடன்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம்.
என்ன, பெட்டிக்குள் அரை அங்குலம் நீளம் கூட.
தகரம் வெட்டுகிற கத்தரியால்
ஹார்ட் டிஸ்க் கூட்டை வெட்டி இறக்கினார்.

இன்று காசு தர வந்தார்,
சுட்டுவிரலில் பிளாஸ்ரர்.
"ஒருக்கா வந்து பாரும்."
போனேன்.
கோண்டாவிலில் இன்னும் அத்திவாரம் போடாத ஒரு வீடு
திக்காமல், மாடியோடு சுழன்றது.
அவர் ஒரு யன்னலைத் திறந்து காட்டினார்.