எந்தச் சன்னல்

பெலேம். பிற்பகல் மழை, சொன்ன நேரத்துக்கு.
தேர்வறையிலிருந்து ஓடிவந்து
அசாயிக் கடையின் தகரத்துக்கடியில் ஒண்டினோம்.

"ஹேபியஸ் டேட்டாதான்" என்கிறாள் ஜுசிலேனி.
"தன்னைப் பற்றிய கோப்பைத்தானே கேட்டாள்?"
"இல்லை, சான்றிதழ். அதற்கு ரிட்" என்கிறான் வால்மீர்,
தலைக்குமேல் பிடித்த சட்டப்புத்தகம் சொட்டச் சொட்ட.

மனு மாறினால் பூஜ்யம்.
சாசனம் முழுக்க மனப்பாடமாயிருந்தாலும்
பூஜ்யம்.

கேள்வித்தாளில் அவள் பெயர் எலியேத்தி.
மூன்று தடவை விண்ணப்பித்தாள், மூன்று தடவையும் மறுத்தார்கள்;
அவ்வளவுதான் அவள் வாழ்க்கை, ஒன்பது வரி.

நான் ஒன்றை எழுதி, அடித்து, மற்றதை எழுதினேன்.
எதை அடித்தேன் என்று
இவர்களிடம் சொல்லப்போவதில்லை.

கடைக்காரர் கிண்ணம் நீட்டுகிறார். பல்லெல்லாம் ஊதா.
எலியேத்தி இந்நேரம்
என் கிறுக்கலைப் பிடித்துக்கொண்டு
எந்தச் சன்னலில் நிற்கிறாளோ.